ஆமாம் என்றும் சொல்லாத, இல்லை என்றும் சொல்லாத மேடம்

ஒரு வாழைக்காய் பஜ்ஜிக்கு அடியில் ஒரு மனிதரின் முகம் இருந்தது. எண்ணெய் ஊறிய காகிதத்தில் அவர் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம் எல்லாம் படிக்கிற மாதிரி தெரிந்தன. ஆதார் அட்டை எல்லோர் கைக்கும் வந்திருந்த காலம் அது. கள்ளக்குறிச்சி இன்னும் தனி மாவட்டம் ஆகவில்லை. நானும் மேடமும் சாயங்கால டீக்காக பாய் கடைக்கு இறங்கி வந்திருந்தோம். பஜ்ஜியை எடுக்கப் போன கையை மேடம் அப்படியே நிறுத்திவிட்டார். அந்த முகம் எங்கள் ஆபீஸுக்கு வரும் காய்கறி வியாபாரியுடையது. எதிர்க்கடையில் அவர் ஆதாரை ஜெராக்ஸ் எடுத்தபோது கோணலாக விழுந்த நகலை அவர்கள் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். அதுதான் பாய் கடை ஆணியில் கட்டாகக் குத்தித் தொங்கியது.

"பாய், அந்த ஆணியில இருக்கிற பேப்பர் பூரா எனக்குக் குடுங்க."

"பூராவுமா? அப்ப பஜ்ஜிய எதுலம்மா வெச்சிக் குடுக்கறது, கையிலயா?"

"வாழ எலயில குடுங்க. எலைக்கு நான் காசு தரேன்."

"ஊரான் வூட்டு பேப்பருக்கு எல வாங்கித் தர்ற ஆபீஸ இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று சிரித்தபடி பாய் கட்டை உருவிக் கொடுத்தார். மேடம் சிரிக்கவில்லை. அதில் எங்களிடம் வருகிறவர்களின் நகல் இன்னும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தபடியே மாடி ஏறினார். டீ ஆறிப்போனது.

பிள்ளைகளே, நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது நான் வேலை பார்த்த இடம் அது. சேமிப்பை எதில் போடலாம், என்ன காப்பீடு எடுக்கலாம் என்று ஆலோசனை சொல்லி, பணத்தை வாங்கி அதில் போட்டும் கொடுக்கும் சின்ன ஆபீஸ். ஹார்டுவேர் கடைக்கு மேலே இரண்டு அறை. பத்தாவது வரை படித்த நான் அங்கே எடுபிடி. கதவு திறப்பது, கூட்டுவது, பாங்குக்குப் போய்வருவது என் வேலை. மேடம் உளுந்தூர்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட வயதில் சின்னவர். என்னை அண்ணே என்பார். நான் மேடம் என்பேன். உங்கள் பால் டப்பா அந்தச் சம்பளத்தில் வந்ததுதான்.

பஜ்ஜிக்கு மறுநாளிலிருந்து ஆபீஸே மாறியது. ஜெராக்ஸ் எடுக்கப் போனால் கெட்டுப்போன நகலையும் கேட்டு வாங்கி வர வேண்டும். வேண்டாத காகிதத்தைச் சுக்கலாகக் கிழித்து, வாசலில் இருக்கும் பெரிய பக்கெட் தண்ணீரில் ஊறப்போட்டு, தோசை மாவு மாதிரி ஆகும்வரை நான் கலக்குவேன். பிறகுதான் குப்பைக்குப் போகும். கம்ப்யூட்டர் சுவரைப் பார்த்துத் திரும்பியது. வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ஆளுக்கொரு டோக்கன். புருஷன் கணக்கைப் பெண்டாட்டி போனில் கேட்டாலும், பெண்டாட்டி கணக்கைப் புருஷன் கேட்டாலும், "அவங்களையே கேளுங்க" என்று மட்டும்தான் பதில்.

நம் பக்கத்துச் சனங்களுக்கு இது பெரிய அவமரியாதையாகப் பட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடமே சம்பளம் எவ்வளவு, பிள்ளை எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுப்போம். பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி டீக்கடை, சலூன், மருந்துக்கடை எல்லாம் விசாரிப்போம். அப்படித்தான் சங்கராபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். "பையன் இங்க எதுனா போட்டு வெச்சிருக்கானா? பொண்ணு குடுக்கப் போறோம்மா, நல்ல காரியம்" என்றார். மேடம் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். பதில் மட்டும் கொடுக்கவில்லை. "ராங்கி புடிச்ச பொம்பள" என்று சொல்லிக்கொண்டே அவர் படியிறங்கினார்.

அந்தப் பையன் எங்களிடம் கணக்கே வைக்காதவன். நான் கேட்டேன், "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே மேடம்?"

"இல்லாதவனுக்கு இல்லன்னு சொல்லிட்டா, அப்புறம் நான் வாய மூடிக்கினு இருந்தாலே இருக்குதுன்னு ஆயிடும் அண்ணே. எல்லாருக்கும் ஒரே பதிலா இருந்தாத்தான் அது காவல்."

அன்று எனக்கு அது பாதிதான் புரிந்தது. மீதி புரிந்தது கல்வராயன் மலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவால். மலையில் எந்த ஊர் என்று எழுத மாட்டேன். புருஷனை இழந்தவர். கடுக்காயும் தேனும் சந்தையில் விற்று, மாதாமாதம் எங்களிடம் வந்து கொஞ்சம் போட்டுவிட்டுப் போவார். மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளை நர்ஸுக்குப் படிக்க வைக்க வேண்டும். ஆனால் அவர் கொழுந்தன், பரீட்சை முடிந்ததும் பெண்ணுக்குத் தாலி கட்டி அனுப்பிவிட வேண்டும் என்று மாப்பிள்ளையே பார்த்து வைத்திருந்தான். சேமிப்பு இருப்பது தெரிந்தால் கல்யாணச் செலவென்று அதையும் வாங்கிக்கொள்வான். அதற்காகவே அந்த அம்மா நேர் பஸ்ஸில் வராமல் சுற்றிக்கொண்டு வருவார்.

அன்று அவர் உள் அறையில் மேடமுடன் இருந்தார். நான் வாசலில் பக்கெட்டைக் கலக்கிக்கொண்டிருந்தேன். கீழே படிக்கட்டில் கட்டட ஓனரின் குரல் கேட்டது. "வாடா, நான் கேட்டா சொல்லாம போயிடுவாங்களா? ஒங்க அண்ணி பேரு இன்னா சொன்ன?" கூட வந்தவன் பேரைச் சொன்னான். அதே அம்மாவின் பேர்.

வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. வார் அறுந்து, நீலக் கயிறு போட்டுக் கட்டிய செருப்பு. வீட்டு ஆளுக்கு அது தெரியாமலா இருக்கும்? நான் யோசிக்கவில்லை. இரண்டையும் எடுத்து பக்கெட் கூழுக்குள் அமுக்கிவிட்டேன். ஓடிப்போய் உள் அறைக் கதவில், "மேடம், கட்டட ஓனரு வராரு, கூட ஒருத்தர்" என்றேன். மேடம் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

ஓனர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா. இவன் நம்ம லாரி ஓட்ற பையன். இவன் அண்ணி இங்க பணம் போட்டுக்கினு வராளாம். இருக்கா இல்லியான்னு மட்டும் சொல்லு. எவ்ளோன்னுகூட கேக்கல."

"யாரு வந்து யாரப் பத்திக் கேட்டாலும் நான் சொல்றதில்லீங்க."

"நான் யாரோவா? கட்டடமே என்னுது."

"கட்டடம் ஒங்களுதுங்க. உள்ள வர்றவங்க வெவரம் ஒங்களுது இல்லீங்க."

கொழுந்தன் பேசினான். "எங்கண்ணன் செத்துட்டாரு மேடம். பொண்ணுக்குக் கல்யாணம் பண்ற பொறுப்பு என்னுது. கேக்க எனக்கு உரிம இல்லியா?"

"பொறுப்பா இருக்கிறவரு ஒங்க அண்ணியவே கேக்கலாமே."

"அட, இல்லன்னா இல்லன்னு சொல்லேன்மா! சொல்லாம இருந்தா இருக்குதுன்னுதான அர்த்தம்?" என்றார் ஓனர்.

"நாளைக்கு ஒங்க சம்சாரத்தப் பத்தி ஒருத்தர் வந்து கேட்டாலும் இதேதாங்க சொல்லுவேன்."

ஓனர் முகம் மாறியது. "அவளா? அவ இங்க எதுனா போட்டு வெச்சிருக்காளா?"

"அதயும் சொல்றதில்லீங்க."

கொழுந்தனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டான். அந்தச் சிரிப்புதான் ஓனரை எழுப்பியது. "மாசம் முடியறதுக்குள்ள காலி பண்ணு. எனக்குப் பதில் சொல்லாத ஆளு என் கட்டடத்துல இருக்கத் தேவயில்ல."

"சரிங்க. சாவிய அண்ணன்கிட்ட குடுத்தனுப்புறேன்" என்றார் மேடம். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் கை மட்டும் நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். வீட்டில் எனக்கு நீங்கள் இருந்தீர்கள். இந்த வேலை போனால் பால் டப்பாவுக்கு எங்கே போவது? ஆனாலும் அந்த நிமிஷம் மேடம் பக்கத்தில் போய் நின்றேன். வேறெங்கும் நிற்கத் தோன்றவில்லை.

அவர்கள் போனதும் அந்த அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது. "எனக்கோசரம் ஒங்க எடமே போவுதே தாயி. சொல்லித் தொலைக்கிறதுதான?"

"ஒங்களுக்கோசரம்னு நெனைக்காதீங்க. இன்னிக்கு ஒங்களச் சொன்னா, நாளைக்கு எல்லாரையும் சொல்லணும். படிப்புக்கு அப்ளிகேஷன் எப்பன்னு மட்டும் பாருங்க."

அந்த அம்மா கூழ் அப்பிய செருப்பை மாட்டிக்கொண்டு, சளக் சளக்கென்று படியிறங்கிப் போனார். அழுதுகொண்டே சிரித்தார்.

நாங்கள் சங்கராபுரம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனோம். சித்திரை வெயிலில் மேடமின் நெற்றியிலிருந்து வேர்வை மேசையில் சொட்டும். கொஞ்ச நாள் யாரும் வரவில்லை. ஓனர் மட்டும் போகிற இடமெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்: "கொன்னாலும் ஒரு வார்த்த வெளிய வராதுயா அந்தப் பொம்பள வாயிலேந்து." அதைக் கேட்டவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். வந்தவர்களில் பெண்கள் ஜாஸ்தி. ஓனருடைய சம்சாரம் வந்தாரா என்று நீங்கள் கேட்பீர்கள். போய் வேறு வேலை பாருங்கள்.

இப்போது துணிக்கடை பில் கவுண்டரில் போன் நம்பர் கேட்கிறார்கள். "எதுக்குங்க?" என்று நான் நின்றால், "அப்பா ஆரம்பிச்சிட்டாரு" என்று நீங்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். செல்போனில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே சம்மதம் என்று அழுத்துகிறீர்கள். அழுத்துங்கள், உங்கள் விவரம், உங்கள் இஷ்டம். ஆனால் அடுத்தவர் விவரம் உங்கள் கையில் வந்தால் அதில் உங்களுக்கு இஷ்டம் என்பதே கிடையாது. கேட்பவர் கட்டடத்துக்காரராக இருந்தாலும் சரி, கடவுளாக இருந்தாலும் சரி.

அந்தப் பெண் நர்ஸுக்குப் படித்தாள். இந்த மாவட்டத்தில்தான் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். உங்களில் ஒருவருக்கு ஊசிகூடப் போட்டிருக்கலாம். பேர் என்ன, எந்த ஆஸ்பத்திரி என்று நச்சரிக்காதீர்கள். எனக்குத் தெரியுமா தெரியாதா என்பதைக்கூட நான் சொல்வதாக இல்லை.