அம்மா உயரத்துக்கு ஓர் இருக்கை

2009 ஏப்ரல் கடைசி ஞாயிறு, மதியம் இரண்டு மணி சுமாருக்கு என் அம்மா ஏவ்ரில், அப்பாவின் காரிலிருந்து இறங்கிப் போனாள். இங்கிலாந்தில் பர்ஃபோர்ட் என்ற சிற்றூரில் ஒரு மதுக்கூடத்தின் பின்பக்க முற்றம் அது. பழைய கார் சங்கத்தார் வருடாவருடம் அந்த ஞாயிறன்று வரிசையாகக் கார் ஓட்டிப் போய் அங்கேதான் சாப்பிடுவார்கள். திரும்பும் நேரத்தில் அவளுடைய இருக்கைக்குள்ளிருந்து ஒரு கம்பிக் கொக்கி வெளியே வந்து பாவாடையைக் கிழித்தது. தொடையிலும் கீறல்.

"இனிமே இந்த சீட்டுல நான் உட்கார மாட்டேன், ஹெட்லி."

"குஷனை மடிச்சுப் போட்டுக்கோ. முக்கால் மணி நேரத்துல வீடு வந்துடும்."

அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுச் சாலையைக் கடந்து, செல்ட்னம் நகருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். சங்கத்தார் கைதட்டிச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தாராம். அப்பாவின் நண்பர் நோரிஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று நான் சிலி நாட்டில் இருந்தேன்.

அப்பா ஹெட்லி டிராண்டர் முப்பத்தொரு வருடம் பஸ் பணிமனை அலுவலகத்தில் கால அட்டவணை போட்டவர். அவர் வாழ்க்கையில் அட்டவணைக்குள் அடங்காத ஒரே விஷயம் அந்தக் கார். 1964இல் எங்கள் ஆபிங்டன் ஊரிலேயே செய்த, கூரையை மடக்கும் இரண்டு இருக்கை வண்டி. சிவப்புத் தோல் இருக்கைகள், ஓரத்தில் வெள்ளைப் பட்டி. தோல் வெடித்து, பஞ்சு பொடியாகி, உட்கார்ந்தால் தரையைத் தொடும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. மாற்ற மாட்டார். சங்கத்தில் அதுதான் முறை. தொழிற்சாலையில் போட்ட தோல் கிழிந்திருந்தாலும் மரியாதை உண்டு, புதுத் தோலுக்குக் கிடையாது. போட்டி நடுவர்கள் வரும்போது அம்மாவின் குஷனைப் பின்னால் ஒளித்துவைப்பார். மாதம் ஒருமுறை அந்தத் தோலுக்குக் களிம்பு தேய்ப்பார். எங்கள் வீட்டில் அதற்குத் 'தோல் சாப்பாடு' என்று பெயர். அம்மாவின் முதுகுக்கும் களிம்பு தேய்க்க வேண்டியிருந்தது. தேய்த்துவிட்டது எப்போதும் நான்தான்.

அம்மா போனது இருக்கையால்தான் என்று அப்பா முடிவு செய்தார். அவள் அப்படித்தானே சொன்னாள்.

அடுத்த வருடம் அக்டோபரில் நான் திரும்பி வந்தேன். வழியில் செல்ட்னத்தில் இறங்கி, அங்கேயே தங்கிவிட்ட அம்மாவைப் பார்த்தேன். அப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று மட்டும் கேட்டாள். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் அதை அப்பாவிடம் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனபோது கார் கொட்டகையில் நோரிஸ் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். தரையில் சிவப்புத் தோல் துண்டு துண்டாகக் கிடந்தது.

"வா பிப்பா. உங்கப்பன் பண்ணின காரியத்தைப் பாரு. நாப்பத்தாறு வருஷத்துத் தோல். கத்தியால கிழிச்சிருக்கான். என் பொண்டாட்டி போனப்பகூட எனக்கு வயிறு இப்படி எரியல."

"அவளுக்குக் குத்துச்சு, நோரிஸ்" என்றார் அப்பா.

"முப்பது வருஷமா குத்துச்சுப்பா. அப்பல்லாம் ஒரிஜினல் ஒரிஜினல்னே."

ஓட்டுநர் இருக்கையை அப்பா தொடவே இல்லை. கிழித்தது அம்மாவின் இருக்கையை மட்டும்தான்.

இருக்கையின் பழைய இரும்புச் சட்டத்தைத் துரு போகத் தேய்த்து வர்ணம் அடித்திருந்தார். உள்ளே பஞ்சைத் தாங்கப் புது ரப்பர் விரிப்பு, அதை இழுத்துப் பிடிக்கப் புதுக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியின் முனையையும் வளைத்துத் துணி சுற்றியிருந்தார். கடையில் வாங்கிய நுரைப்பஞ்சுதான் தொல்லை கொடுத்தது. இந்த வண்டிக்கு எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள், எல்லோருக்கும் அது உயரமாகத்தான் இருக்கிறது. கூரையை மூடினால் தலை இடிக்கும்.

"உட்காரு" என்றார். "நீ உங்கம்மா உயரம்தானே."

உட்கார்ந்தேன். கூரைக் கம்பி உச்சந்தலையில் பட்டது. எழுந்தேன். ரொட்டி வெட்டும் கத்தியால் பஞ்சின் அடியைச் சீவினார். மறுபடி உட்கார்ந்தேன். அந்த வாரம் முழுக்க இதுதான் வேலை. ஒருநாள் இருபது தடவைக்கு மேல் உட்கார்ந்து எழுந்திருப்பேன்.

"முதுகு எப்படி இருக்கு?"

"எனக்கு முதுகு வலி இல்லப்பா."

"இருந்தா எப்படி இருக்கும்னு கேக்கறேன்."

வியாழக்கிழமை சாய்மானத்தைப் பிரித்தோம். உட்காரும் பகுதியும் சாய்மானமும் சேரும் இடத்தில், சட்டத்தின் மடிப்பில், நாற்பது வருடத்துக் குப்பை சேர்ந்திருந்தது. கொண்டை ஊசிகள், புதினா மிட்டாய்க் காகிதம், என் பால்பல் அளவுக்கு ஒரு பொத்தான். கடைசியாக, நன்றாக மடித்துத் திணித்த ஒரு காகிதம் வந்தது. பஸ் கால அட்டவணை. பர்ஃபோர்டிலிருந்து செல்ட்னம் போகும் தடம். ஞாயிற்றுக்கிழமைப் பத்தியில் இரண்டு பத்து என்ற நேரத்தைச் சுற்றிப் பென்சில் வட்டம்.

அப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். தேதியைத் தேட வேண்டியிருக்கவில்லை.

"தொண்ணூத்தேழு" என்றார். "நான் போட்டது."

வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பன்னண்டு தடவை அந்த முற்றத்துல போய் நின்னிருக்கோம்" என்றார், எண்ணிப் பார்த்துவிட்டு. பிறகு காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கத்தியை எடுத்தார்.

"உட்காரு. இன்னும் அரை இஞ்ச் எடுக்கணும்."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். போதும்ப்பா, அவ வரமாட்டா என்று. உட்கார்ந்தேன்.

புதுத் தோல் உறையை இருவருமாக மாட்டினோம். கெட்டில் நீராவியில் காட்டி, இளகியதும் இழுத்து, மூலைகளில் கட்டை விரலால் அழுத்தி. அவருடைய விரல்கள் வெந்து சிவந்துவிட்டன. சுருக்கம் ஒன்றுகூட இல்லை. முடிந்ததும் ஆசையாக அதில் உட்காரப் போனேன்.

"வேணாம். அது புதுத் தோல்."

அன்றே அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். சீட் சரியாகிவிட்டது, இனி குத்தாது, உயரம் அளந்தே செய்திருக்கிறேன், எப்போது வந்து அழைத்துப் போகட்டும். நான்தான் தபாலில் போட்டேன். பதில் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏப்ரலிலும் எழுதினார். ஒவ்வொரு ஏப்ரலிலும் தனியாகப் பர்ஃபோர்ட் போனார். முற்றத்தில் கூரையை மடக்கிவிட்டு, இரண்டு பத்து பஸ்ஸின் நேரம் தாண்டும்வரை கிளம்ப மாட்டார். அந்த பஸ்ஸை எப்போதோ நிறுத்திவிட்டார்கள் என்று நோரிஸ் சொன்னார். அப்பாவுக்குத் தெரியாமல் இருக்குமா?

நான் மறுபடி கிளம்பி நார்வே, பிறகு போர்ச்சுகல் என்று போய்க்கொண்டிருந்தேன். 2014இல் அப்பாவின் இடுப்பு எலும்பு தேய்ந்தது. அவ்வளவு தாழ்வான வண்டிக்குள் இறங்கி உட்கார முடியவில்லை. காருக்கு மேல் துணி விழுந்தது. மாதம் ஒருமுறை மட்டும் பக்கவாட்டில் துணியை விலக்கி, நின்றபடியே கையை நீட்டி அந்த ஓர் இருக்கைக்குக் களிம்பு தேய்த்தார்.

2015 நவம்பரில் ஒருநாள் காலை எனக்குப் போன் செய்தார். செல்ட்னத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்திருக்கிறது என்றார். வாசித்துக் காட்டினார், பஸ் அட்டவணையை வாசிக்கிற குரலில்.

"ஹெட்லி, உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. சீட் சரியானதில் சந்தோஷம். யாரும் உட்காராமல் விட்டால் தோல் வெடித்துவிடும் என்று நீதான் சொல்வாய். யாரையாவது அதில் உட்காரச் சொல். ஏவ்ரில்."