ஐம்பத்திரண்டு சுற்று

ரோட்டோரம் எங்கே காட்டாமணக்குச் செடி முளைத்திருந்தாலும் சரி, டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டி இறங்கி, அதை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். ஏதோ அவசரம் போல, ஒதுங்கப் போகிறார் என்று பயணிகள் நினைத்துக்கொள்வார்கள். செடி உங்களுக்கு என்ன பாவம் செய்தது என்று ஒருமுறை கிளீனர் கேட்டதற்கு, "அது ஒரு பாவமும் செய்யல. ஆனா இப்போதைக்கு என் கைக்கு எட்டுறது அது ஒண்ணுதான்" என்றார்.

எட்டாத கையைப் பற்றித்தான் இந்தக் கதை.

டிரைவர் முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். டீசல் வாசம் அடிக்காத சட்டை அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. அதனால்தான், காட்டாமணக்கு விதையிலிருந்து எண்ணெய் எடுத்து அதை டீசலாக்கப் போகிறோம் என்று ஒரு கம்பெனி கிளம்பியபோது, ஊரில் யாருக்கும் வராத சந்தோஷம் அவருக்கு வந்தது. "இனிமே பஸ்ஸெல்லாம் செடியிலதான் ஓடப்போகுது" என்று டீக்கடையில் போவோர் வருவோரையெல்லாம் பிடித்து வைத்துச் சொன்னார். அந்தக் கம்பெனி ஞாயிற்றுக்கிழமைதோறும் பணம் போட வருகிறவர்களைத் தோட்டம் காட்டக் கூட்டிப்போகும். அதற்கு வாடகைக்கு எடுத்தது இவர் ஓட்டிய டூரிஸ்ட் பஸ்ஸைத்தான்.

கூட்டிப்போகிறவன் மேனேஜர். அவனுக்கு 'அவர்' போட நமக்குக் கை வரவில்லை, மன்னிக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, கையில் மைக், வாயில் தேன். பஸ்ஸில் ஏறியதும் டிரைவரின் முதுகைத் தட்டி "போலாம் டிரைவர்" என்பான். அதோடு சரி. முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கம் அவனுக்கு இல்லை. டிரைவருக்கும் பயணிகளுக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. மைக்கில் அவன் அளப்பதெல்லாம் பின்னால் இருப்பவர்களுக்குத்தான் கேட்கும். இவருக்குக் கேட்டது என்ஜின் சத்தம் மட்டும்.

மொத்தம் நாலு நிறுத்தம். ஒவ்வொன்றிலும் ஒரு கேட், ஒரு வளைவு, ஒரு போர்டு. பச்சைப்பசேல் என்று செடி. நடுவில் நிலம் மேடு தட்டியிருந்ததால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று தெரியாது. ஒரு கேட்டிலிருந்து அடுத்த கேட்டுக்குப் போக முக்கால் மணி நேரம். வாய்க்கால் ரோடு, மலையடி ரோடு, ஒரு சந்தை, இரண்டு ரயில்வே கேட். "தோட்டம் அவ்ளோ பெருசு. நேர் ரோடு கெடையாது, சுத்தித்தான் போகணும்" என்று மேனேஜர் சொல்லியிருந்தான். டிரைவரும் சுற்றினார். சாயங்காலம் டிரிப் ஷீட்டில் நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நூற்றுப் பதினெட்டு ஓடினால் தோட்டமும் அதற்குத் தக்கபடி இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தத் தோட்டத்துக்குள் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை என்பதுதான் வேடிக்கை. பயணிகள் இறங்கியதும் டிரைவர்கள் என்ன செய்வார்கள்? டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள்; பின் சீட்டில் நீட்டி நிமிர்ந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவார்கள். இவரும் அதையேதான் செய்தார். ஒரு வருஷம், ஐம்பத்திரண்டு ஞாயிறு, ஞாயிற்றுக்கு நாலு தூக்கம். தூங்கி எழுந்து அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னார்:

"என் கண்ணால பாத்தேங்க்கா. சுத்தி வரவே அரை நாள் ஆகுது. அவ்ளோ பெரிய தோட்டம் எங்கயாவது ஓடிப்போயிடுமா?"

அக்காவுக்குச் சொந்தமாக ஒரு இஸ்திரிக் கடை இருந்தது. அத்தான் போனபிறகு இருபது வருஷம் நின்றே சம்பாதித்து, வாடகை அறையை விலைக்கு வாங்கியிருந்தார். கால் வீங்கிக்கிடந்தது, உட்கார்ந்து சாப்பிடும் வயசு. தம்பி சொன்னால் தம்பி சொன்னதுதான். கடையை விற்று மொத்தத்தையும் அந்தக் கம்பெனியில் போட்டார். டிரைவர் தன் சேமிப்பையும் போட்டார். ஆனால் தன் காசு போனதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆறு மாதம் ஒழுங்காக வட்டி என்று ஏதோ வந்தது. ஏழாம் மாதம் ஆபீஸ் வாசலில் பூட்டு தொங்கியது. மேனேஜர் கம்பி நீட்டிவிட்டான். புகார் கொடுத்தார்கள், புகாரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் டிரைவர் பஸ் இல்லாமல், முதல்முறையாக நடந்து அந்தத் தோட்டத்துக்குப் போனார். வேலியைப் பிடித்துக்கொண்டே நடந்தார். முதல் கேட் வந்தது. கொஞ்சதூரம் போனதும் ஒரு திருப்பத்தில் இரண்டாவது கேட். அப்புறம் மூன்றாவது, நாலாவது. மறுபடியும் முதல் கேட். கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்த்தார். இருபத்தாறு நிமிஷம் ஆகியிருந்தது.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்: "தண்ணிய ஊத்தி ஊத்தி வெறும் எலையா வளத்து வச்சிருக்கானுங்க. காய்ச்சு நான் பாத்ததே இல்ல. ஆடுகூட இதுல வாய் வைக்காது. உள்ள வேலை செஞ்சது எட்டே பேரு. பஸ் ஒரு பக்கம் நின்னு கெளம்புனதும், சட்டைய மாத்திக்கிட்டு அடுத்த பக்கம் ஓடுவானுங்க. நாங்க ஒக்காந்து வேடிக்கை பாப்போம்."

டிரைவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முட்டாளானதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆட்டுக்காரர் வேடிக்கை பார்த்த கூத்தில், துண்டைப் போட்டுத் தூங்கியது தான்தான் என்பதை நினைத்தபோது தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

அக்காவிடம் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அக்கா திட்டவில்லை, அழவில்லை. எழுந்து உள்ளே போனார். அன்றோடு பேச்சு நின்றது. டிரைவர் போனால் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். வேலைக்கு அக்கா வேறெங்கும் போகவில்லை. விற்ற கடைக்கே போய், அதை வாங்கியவரிடம் கூலிக்கு இஸ்திரி போட நின்றார். தன் பெட்டி, தன் மேஜை, தன் சுவர். முதலாளி மட்டும் வேறு. தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் டிரைவர் டெப்போவுக்குப் போகவேண்டும். ரெண்டு வருஷம் போனார். ஒவ்வொரு நாளும் மேனேஜரை மனசுக்குள் ஒருதரம் கழுத்தை நெரித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அவனை நாலு பேர் நடுவில் நிறுத்த வேண்டும், அதை அக்கா பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு 'தம்பி' என்று ஒருதரம் கூப்பிட வேண்டும். வேறு எந்த ஆசையும் அவருக்கு மிச்சமில்லை.

ஒருநாள் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. பக்கத்து நகரத்தில் புதுக் கம்பெனி. இந்தமுறை காட்டாமணக்கு இல்லை, புங்கமரம். எண்ணெய் எடுத்து டீசல் என்பதில் மாற்றமில்லை. படத்தில் அதே வெள்ளைச் சட்டை, அதே மேனேஜர். டிரைவர் அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மறுநாளே இருந்த வேலையை விட்டார். அந்தக் கம்பெனி எந்த முதலாளியிடம் பஸ் எடுக்கிறதென்று விசாரித்து, சம்பளம் குறைவென்றாலும் பரவாயில்லை என்று அங்கே சேர்ந்தார். லீவு நாளில் ஸ்கூட்டரில் அந்த பஸ்ஸின் பின்னாலேயே போனார். அதே கூத்து. நாலு கேட், ஒரே வேலி. சுற்று வழியில் ஐம்பது நிமிஷம். வேலியோரத்து மண் ரோட்டில் மூன்றே நிமிஷம். அந்த மண் ரோட்டில் பஸ் திரும்புமா என்பதைக் காலடியால் அளந்தார். திரும்பும்.

வழக்கமாக ஓட்டுகிறவர் மகள் கல்யாணத்துக்கு லீவு போட்ட ஞாயிற்றுக்கிழமையை டிரைவர் கேட்டு வாங்கிக்கொண்டார். முந்தின நாள் அக்காவிடம் போனார். "நாளைக்கு ஒரே ஒரு நாள் என் வண்டியில வாங்கக்கா. வேற ஒண்ணும் கேக்கல" என்றார். அக்கா தண்ணீரை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலையில் பார்த்தால் பஸ் அருகே புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். ஏறி முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

மேனேஜர் வந்தான். முதுகைத் தட்டினான். "போலாம் டிரைவர்." அந்தக் கை பட்ட இடம் முதல் கேட் வரும்வரை கூசிக்கொண்டே இருந்தது.

முதல் தோட்டத்தில் நாற்பது பேரும் இறங்கினார்கள். கன்றுகளைத் தடவிப் பார்த்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நீலச் சட்டை போட்ட எட்டு வேலையாட்கள் மண்வெட்டியோடு சிரித்தார்கள். எல்லோரும் ஏறியதும், "அடுத்த தோட்டம் நாற்பது கிலோமீட்டர்ல இருக்கு. அதுவரைக்கும் திட்டத்தைப் பத்திச் சொல்றேன்" என்று மேனேஜர் மைக்கை எடுத்தான். டிரைவர் அன்றைக்குக் கண்ணாடித் தடுப்பைத் திறந்து வைத்திருந்தார். ஒரு சொல் விடாமல் கேட்டது.

மெயின் ரோட்டுக்கு ஏறவேண்டிய இடத்தில் ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தார். பஸ் மண் ரோட்டில் இறங்கிக் குலுங்கியது. "டிரைவர்! வழி அது இல்ல! டிரைவர்!" என்று மேனேஜர் கத்தினான். மைக் கையிலேயே இருந்ததால் அந்தக் கத்தலும் பஸ் முழுக்க ஒலித்தது.

மூன்றாவது நிமிஷம் இரண்டாவது கேட். அங்கே ஒருவன் ஏணியில் ஏறி 'இரண்டாம் தோட்டம்' என்ற போர்டை ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கீழே அதே எட்டுப் பேர். நாலு பேர் மஞ்சள் சட்டையில், மூன்று பேர் இன்னும் நீலத்தில். ஒருத்தன் நீலத்தைக் கழற்றிவிட்டு மஞ்சளுக்குள் தலையை விட்டுக்கொண்டு, கை எங்கே போகவேண்டுமென்று தெரியாமல் நின்றான்.

பின் சீட்டிலிருந்து ஒரு பெண் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கூச்சல் ஆரம்பித்தது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. கதவைத் திறந்து ஓடப் பார்த்தான். சட்டைக் காலரைப் பிடித்து இறக்கி, கேட்டின் முன்னால் நிறுத்தினார்கள். அரைமணி நேரம் முன்பு 'சார், சார்' என்றவர்கள் இப்போது அவனைக் கூப்பிட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

டிரைவர் நிதானமாக இறங்கி வந்தார். இரண்டு வருஷமாகக் காத்திருந்த நிமிஷம். அவன் எதிரே முகத்துக்கு நேராக நின்றார்.

"என்னத் தெரியுதா?"

மேனேஜர் பார்த்தான். உண்மையாகவே யோசித்தான். "டிரைவர்தானே... எவ்ளோ வேணும்னாலும் பேசிக்கலாம்ப்பா. இவங்களைக் கொஞ்சம் விலகச் சொல்லு" என்றான்.

டிரைவர் கத்தினார்: "அம்பத்திரண்டு தடவ என் முதுகத் தட்டுனியேடா! அம்பத்திரண்டு பஸ் ஜனத்தை நான் இப்படிச் சுத்திக் காட்டுனேனேடா!"

தடித்த கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் டிரைவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ இவன் பேசினான், நீ ஓட்டுன. நீயும் கூட்டுதானே?"

டிரைவர் வாயைத் திறந்தார். தூங்கிட்டேன் என்று சொல்லவேண்டும்; சொல்லவரவில்லை. அவர் எதிர்பார்த்து வந்தது எதுவோ, அந்த இடத்தில் வேறொன்று வந்து நின்றிருந்தது. நாலு பேர் அவர் பக்கம் திரும்பினார்கள். ஒரு கை அவருடைய காலரையும் பிடித்தது.

அப்போது அக்கா பஸ்ஸின் படியில் மெல்லக் கால்வைத்து இறங்கினார். வீங்கின காலை இழுத்து இழுத்து நடந்து கூட்டத்துக்கு நடுவே வந்தார். காலரைப் பிடித்த கையை எடுத்துவிட்டார்.

"இவன் என் தம்பி. இவன் சொன்னான்னு என் கடைய வித்தேன்" என்றார் பெரியவரிடம். ரெண்டு வருஷத்தில் அக்காவின் குரலை டிரைவர் கேட்டது அதுதான் முதல்தடவை. "இவன என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் முடியல. நீங்க அந்த ஆளப் பாருங்க."

சொல்லிவிட்டு, தம்பியின் முகத்தை ஒருதரம்கூடப் பார்க்காமல், திரும்பிப் போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.