இருமலைக் காட்டிக் கொடுத்தவன்

போன வாரம் ஜெயிலுக்குப் போயிருந்தேன். பயப்படாதீர்கள்... என் மகனைப் பார்க்கத்தான்!

உப்பளத்துக்குக் கடல் தண்ணீர் வரும் வாய்க்காலில் தகராறு. அடிதடி கேஸ். ஊருக்கே தெரியும், உங்களுக்கும் தெரியட்டும்.

மனு போட்டுக் காத்திருந்தேன். வார்டர் தம்பி வந்தார்.

"ஐயா, அவன் வரமாட்டேன்னு சொல்லிட்டான்."

மரக்காணத்தில் நான் கை காட்டினால் உப்பு லாரி நிற்கும். மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கூலிக்கு உப்பு வாரியவன், இன்றைக்குச் சொந்த உப்பளம், மாடி வீடு - எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. என்ன பிரயோஜனம்? அந்த மாடி வீட்டில் நான் ஒருத்தன்தான். ராத்திரியில் டிவியை அணைப்பதே இல்லை. யாராவது பேசிக்கொண்டிருக்கட்டுமே!

மகனுக்கு ஏன் கோபம்?

போன மாதம் பார்க்கப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். நோய் பரவக் கூடாது என்று கண்ணாடி. போனில்தான் பேச்சு. பேச்சை விட இருமல்தான் அதிகம் கேட்டது.

"எத்தினி நாளாடா இது?"

"பீடி இருமல்ப்பா."

"நீ எப்படா பீடி குடிச்ச?"

சிரித்தான். "நம்ம உப்புக்காத்து பட்ட உடம்புப்பா, ஒண்ணும் ஒட்டாது. நீதானே ஊரெல்லாம் சொல்லுவ?"

சொல்லுவேன்தான். பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியிலேயே எழுதியிருக்கிறேன்!

"டாக்டர்கிட்ட காட்டுடா."

சிரிப்பு நின்றுவிட்டது. "வேணாம்ப்பா. தனி ரூம்ல போட்டுடுவாங்க. அங்க பேச ஒரு நாதி இருக்காது. யார்கிட்டயும் சொல்லிடாதப்பா."

வெளியே வந்தால் பக்கத்து ஊர் கூனிமேட்டு பாய் நிற்கிறார். அவர் மகனும் ஜெயிலில் என் மகன் இருக்கும் ஹாலில்தான். என் மகனுக்கு அடுத்த படுக்கை அவனுக்கு. கால் நீட்டினால் ஒருத்தன் தலை, தலை சாய்த்தால் இன்னொருத்தன் மூச்சு... அப்படி ஒரு நெருக்கம்.

"உங்க புள்ள பக்கத்துல இருக்கறதாலதாங்க நான் நிம்மதியா தூங்கறேன்" என்றார் பாய்.

உப்பளத்தில் ஒரு பாத்தியில் சேறு கலந்தால் முதலில் மடையை அடைப்போம். யார் பாத்தி என்று பார்ப்பதில்லை. நேராக வார்டரிடம் போனேன்.

"ஏம்பா, என் பையன் இருமறான். டாக்டர்கிட்ட இட்டுனு போ."

"பெத்த புள்ளையவே மாட்டி வுடறீங்களே ஐயா?"

"பக்கத்துல படுத்திருக்கறவனுக்கும் அப்பன் இருக்கான்பா."

சளி டெஸ்டில் டிபி என்று வந்தது. மகனுக்குத் தனி அறை, மாத்திரை. ஹாலில் எல்லோருக்கும் டெஸ்ட். பாய் மகன் தப்பித்தான். என் மகன் மாஸ்க் போட்டுக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் பேசலாம் என்று டாக்டரே சொல்லியும், போன வாரம் அவன் வரவில்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. சோப்பு இருக்கிறது, மாஸ்க் இருக்கிறது, டெஸ்ட் இருக்கிறது. ஆனால் இருமுகிறேன் என்று சொன்னவனுக்குக் கிடைப்பது தனிமை என்றால், எவன் வாயைத் திறப்பான்? அந்த அறையில் ஒரு ரேடியோ வையுங்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று "சாப்பிட்டியாடா?" என்று கேட்க ஓர் ஆளை அனுப்புங்கள். இருமல் தானாக வரிசையில் வந்து நிற்கும்!

மடையை அடைத்தவன் அப்படியே வீட்டுக்குப் போய்விட மாட்டான், வரப்பிலேயே நிற்பான். நானும் அன்றைக்கு உடனே போகவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பார்வையாளர் நேரம் முடிந்தது. பாய் கிளம்பினார். வெயில் தாழ்ந்தது.

வார்டர் தம்பி மறுபடி வந்தார்.

"இன்னுமா இருக்கீங்க? உங்க பையன் கேக்கறான்..."

"என்னன்னு?"

"'எங்கப்பா போயிட்டாரா'ன்னு."

"போவலன்னு சொல்லுப்பா."

அன்றைக்கு ராத்திரி டிவியை அணைத்துவிட்டுத் தூங்கினேன்.