நிக்காசியாவின் கொம்பாத்ரே

நிக்காசியா ஒவெலார் கத்தி தீட்டும் சத்தம் கேட்டால் இத்தா கோரா ஊரில் அன்று சனிக்கிழமை. பன்றி வளர்த்து, தானே வெட்டி, தானே கூறு போட்டு விற்றுப் பிழைத்தவள். மரம் வெட்டப் போன இடத்தில் புருஷன் மரத்துக்கு அடியில் சிக்கிச் செத்தபோது வீட்டில் ஏழு ஆண்பிள்ளைகள். அதற்குப் பிறகும் இரண்டு பேர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தார்கள். "ஆக்கிப் போட ஏழு வாய் இருக்கு, எட்டாவது எதுக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

அந்த ஏழாவதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நடுவில் ஒரு பெண்கூடப் பிறக்காமல் ஏழாவதும் ஆணாகப் பிறந்தால், அவன் வளர்ந்ததும் நாயாக மாறிக் கல்லறைத் தோட்டத்தில் திரிவான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதற்கு ஒரே மாற்று, நாட்டை ஆள்பவரே குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நிற்பது. அப்போது நாட்டை ஆண்டது ஒரு ஜெனரல். ஒரு மே மாதம் பீரங்கி வண்டியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், முப்பத்தைந்து வருஷம் எழுந்திருக்கவில்லை. கடைக்குட்டி சிரிலோவுக்காக நிக்காசியா மனுப் போட்டாள். சம்மதம் என்று பதில் வந்தது, கூடவே ஒரு பதக்கமும் கண்ணாடி போட்ட படமும்.

ஞானஸ்நானத்துக்கு ஜெனரல் வரவில்லை. நாடு முழுக்க ஏழாவது பிள்ளைகள், எத்தனை கோயிலுக்குத்தான் ஓடுவார்? அவருக்குப் பதிலாகச் சீருடை போட்ட ஒருவன் குழந்தையை ஏந்தினான். நிக்காசியா அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள். "போலீஸ்காரன் சட்டை பூரா மூத்திரம்!" என்று புருஷன் வந்து சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். யார் அந்தப் போலீஸ்காரன் என்று கேட்கத் தோன்றவில்லை.

பிள்ளையின் ஞானத்தகப்பன் தாய்க்குக் கொம்பாத்ரே, தாய் அவனுக்குக் கொமாத்ரே. அந்த உறவு அங்கே கூடப்பிறந்த உறவைவிடக் கெட்டி. கொம்பாத்ரேக்களுக்குள் பொய் கூடாது, கை ஓங்கக் கூடாது. ஞானப்பிள்ளை கைகூப்பி ஆசி கேட்டால், வாயில் இருக்கும் மரவள்ளிக்கிழங்கை விழுங்கிவிட்டாவது பதில் சொல்லியாக வேண்டும். ஆசி தராதவனை ஊர் மனுஷனாகவே மதிக்காது.

சிரிலோவுக்குப் பதினாலு வயது ஆனபோது, மூத்தவன் பெர்மினைப் பிடித்துப் போனார்கள். விவசாயிகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தான், அதுதான் குற்றம். வண்டியில் ஏற்றியது சார்ஜென்ட் கமார்ரா. ஒரு வாரம் கழித்து அதே கமார்ரா, காவல் நிலைய வாசலில் பல் குத்திக்கொண்டே, "இங்க யாரும் இல்ல நிக்காசியா. பிரேசில் பக்கம் ஓடியிருப்பான்" என்றான்.

நிக்காசியா அவனோடு மல்லுக்கு நிற்கவில்லை. அவளுக்குத்தான் பெரிய இடத்துச் சொந்தம் இருக்கிறதே! இருந்த ஒரே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, பதக்கத்தைக் குத்திக்கொண்டு, தலைநகருக்குப் பஸ் ஏறினாள். மாளிகை வாசலில், "எங்க கொம்பாத்ரேவப் பாக்கணும்" என்றாள். காவலர்கள் சிரித்தார்கள். மாலையில் ஒரு பை சர்க்கரையும் ஒரு டின் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த வருஷமும் போனாள். பதின்மூன்று வருஷம் போனாள். பதின்மூன்று டின் சேர்ந்தது, பதில் வரவில்லை.

பெர்மின் போன அந்தக் குளிர்காலத்தில் காவல் நிலையத்துக்கு முன்னால் ஜெனரலுக்கு மார்பளவு சிலை வைத்திருந்தார்கள். ஜெனரலின் பிறந்தநாள் தோறும் நிக்காசியா அதன் பீடத்தடியில் மல்லிகை வைத்தாள். பிள்ளைகளுக்கு அது அறவே பிடிக்கவில்லை.

"அந்தாளுக்குப் பூ ஒரு கேடாம்மா?" என்று ஒருநாள் சிரிலோ கத்தினான்.

"பூவாடா இது? நான் இன்னும் இருக்கேன்னு ஞாபகப்படுத்துறேன். வாய மூடு" என்றாள்.

பிறகு ஜெனரலை அவர் ஆட்களே துரத்தினார்கள். விமானம் ஏறிப் போனார். ஊரார் சிலையின் தலையைத் தட்டி எடுத்தார்கள். பீடம் மட்டும் நின்றது, வெயில் நேரத்தில் ஆண்கள் அதன்மேல் உட்கார்ந்து கொம்புக் குவளையில் மாத்தே இலை ஊறிய குளிர்ந்த தண்ணீரை உறிஞ்ச வசதியாக. கமார்ராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓய்வூதியம் வாங்கினான், மாமரம் வளர்த்தான், கோயில் திருவிழாக் குழுவுக்குத் தலைவனும் ஆனான். ஜெனரல் போய்விட்டார் என்று கொண்டாடியவர்கள் கமார்ராவைக் கண்டால் தொப்பியைக் கழற்றினார்கள். எனக்கு ஜெனரலைவிட அந்தத் தொப்பிகள்மீதுதான் ஆத்திரம்.

பல வருஷம் கழித்து, அயல்நாட்டில், சொந்தக் கட்டிலில் படுத்தபடியே ஜெனரல் செத்தார் என்று ரேடியோ சொன்னது. நிக்காசியா கையிலிருந்த கத்தியைப் பலகையில் குத்திவிட்டு அழுதாள். "பதில் சொல்லாமலே போயிட்டானே பாவி!"

ஜெனரலின் பழைய கட்சிக்காரர்கள் ஊர்க் கோயிலில் நினைவுப் பூசை வைத்தார்கள். ஞானப்பிள்ளை கறுப்புப் பட்டை கட்டி முன்வரிசையில் நிற்க வேண்டும் என்று சிரிலோவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவன் அப்போது தலைநகர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான், தலை நரைத்த மனுஷன். நிக்காசியா நேரே பங்குச்சாமியாரிடம் போனாள்.

"சாமி, ஞானஸ்நானப் பதிவேட்டுல எம்புள்ளை பேருக்கு நேரா இருக்குற அந்த ஜெனரல் பேர அடிச்சு விடுங்க."

"அதெல்லாம் அடிக்க முடியாதும்மா." புதிதாக வந்த சாமியார், பாவம். அவள் நகராததால் பழைய பதிவேட்டை எடுத்து வாசித்தார். "ஞானத்தகப்பன் ஜெனரல். அவர் சார்பில் குழந்தையை ஏந்தியது, காவலர் உர்சினோ கமார்ரா."

நிக்காசியா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அப்போ தண்ணி ஊத்தும்போது எம்புள்ளை யார் கையில இருந்தான்?"

"கமார்ரா கையில. ஆனா சட்டப்படி ஜெனரல்தாம்மா..."

"சட்டத்த நீங்க வச்சுக்குங்க சாமி. கைதான் எனக்கு வேணும்."

பதின்மூன்று வருஷம் தப்பான வாசலில் நின்றிருக்கிறாள்! கொம்பாத்ரே சாகவில்லை. நாலு தெரு தள்ளி மாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வர மாட்டேன் என்று முரண்டுபிடித்த சிரிலோவை இழுத்துக்கொண்டு கமார்ராவின் கதவுக்கு முன் நின்றாள். கமார்ரா வாளியோடு வெளியே வந்ததும் சிரிலோ பல்லைக் கடித்துக்கொண்டு கைகூப்பினான்.

"ஆசி குடுங்க, ஞானத்தகப்பா."

கமார்ராவின் கையிலிருந்த வாளி சரிந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கிழவன் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு முணுமுணுத்தான். "கடவுள் ஆசீர்வதிக்கட்டும்."

"நல்லது கொம்பாத்ரே" என்றாள் நிக்காசியா. "இவனோட அண்ணன எங்க வச்சிருக்கீங்க?"

அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். மறுநாளும் வந்தார்கள். சிரிலோ பஸ் எடுக்கும் நாட்களில் மற்ற பிள்ளைகளில் ஒருவன் அவளோடு வந்து தம்பி பேரைச் சொல்லி ஆசி கேட்டான். மழையில் குடை பிடித்து வந்தாள். பத்தாம் நாள் கமார்ரா வெளியே வரவில்லை. அன்று தெருவே பேசியது.

"ஞானப்பிள்ளைக்கு ஆசி குடுக்காத ஆளு திருவிழாக் கொடிய எப்படித் தொடுவாரு?" என்று ரொட்டிக்காரி உரக்கவே கேட்டாள். அடுத்த வாரம் திருவிழாக் குழு வேறு தலைவரைத் தேர்ந்தெடுத்தது. தொப்பிகள் கழற்றப்படுவது நின்றது. இருபதாம் நாள் கமார்ராவின் மனைவி நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு, "உக்காருங்க கொமாத்ரே, நின்னு கால் வலிக்கும்" என்றாள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் அவனுக்கு மாத்தே கலந்து கொடுக்கக்கூட ஆளில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் கமார்ரா தானாகவே கதவைத் திறந்துகொண்டு வந்தான். சவரம் செய்யாத முகம். சிரிலோ கைகூப்புவதற்கு முன்பே பேசினான்.

"சிலைக்கு அடியில."

நிக்காசியா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பீடம் கட்டக் குழி தோண்டி வச்சிருந்தாங்க. மேலேருந்து உத்தரவு. கல்லு வைக்கிறதுக்கு முந்தி... நானும் பிடிச்சேன், கொமாத்ரே. கால் பக்கம்."

சிரிலோ கையை ஓங்கிவிட்டான். "விடுடா!" என்றாள் அம்மா. "கோர்ட்டுல வந்து இதையே சொல்லுவாரு. சொல்லாட்டி நாளைக்கும் ஆறு மணிக்கு வருவோம்." பிறகு குரல் தாழ்ந்தது. "அப்போ அந்தப் பூவெல்லாம் அவனுக்குத்தான் போயிருக்கு."

எழுந்து நடந்தாள். சிரிலோ அழுதுகொண்டே பின்னால் போனான். காவல் நிலையத்துக்கு முன்னால், தலையில்லாத பீடத்தின்மேல் வழக்கம்போல இரண்டு பேர் உட்கார்ந்து மாத்தே குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிங்கப்பா" என்றாள் நிக்காசியா. "எம்புள்ளை மேல உக்காந்திருக்கீங்க."