தொட்டியின் அடியில் ஒரு சாண்

கிள்ளான் தொழிற்பேட்டைச் சாலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். லோரிகள் உரசிக்கொண்டு போயின. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் கேட்டில் நின்று, நிஜமாகவே போகிறேனா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

பெயிண்டுக்குச் சேர்க்கும் வெள்ளைத் தூள் செய்கிற இடம் அது. தொட்டியில் ஒரு கரைசல் சுழன்றுகொண்டிருக்கும். மேலிருந்து இன்னொன்றை வால்வு வழியாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மெதுவாக விட்டால் தூளின் மணி பெருத்துப் படியும், வடிகட்டும் துணியில் தண்ணீர் சுலபமாக வடியும். அவசரப்பட்டால் மாவாகித் துணியை அடைத்துக்கொள்ளும்.

போன வாரம் மூன்று தொட்டியும் மாவாகிவிட்டன. வால்வு, செந்தூலிலிருந்து ரயிலில் வேலைக்கு வரும் செந்தூல்காரர் கையில். தொட்டி கழுவுவது நான். வெள்ளிக்கிழமையோடு அவரை நிறுத்தப்போவதாக சூப்பர்வைசர் சொன்னார். ஐம்பத்தைந்து வயதில் அவருக்கு வேறெங்கும் வேலை கிடைக்காது. ஆனால் எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம்.

“அஞ்சு மணி ரயிலுக்கு ஓடணும்னு வால்வ முழுசா தொறந்துடுறீங்களாண்ணே?”

“என் கையவே பாத்துக்கிட்டு நிக்கிறியே, போலீஸ்ல சேந்துட்டியா?”

ஒரு தொட்டி முடியும்வரை டிரம் மறைவில் நின்று பார்த்தேன். கால் திருகலுக்கு மேல் அவர் திறக்கவேயில்லை. அதுவும் மாவுதான்.

பிறகுதான் என் கையைப் பார்த்தேன். முன்பெல்லாம் கழுவும்போது அடியில் ஒரு சாண் பழைய படிவை விட்டுவிடுவோம். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. சோம்பல் என்றே நினைத்திருந்தேன். என் வேலையை நிரந்தரமாக்கப் போவதாக சூப்பர்வைசர் சொன்னதும் எஃகு தெரியத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்திருந்தேன். அடுத்த தொட்டியில் பழைய நல்ல தூளை இரண்டு வாளி கொட்டினேன். மணி ரவை போல வந்தது. புது மணி ஒட்டி வளரப் பழைய மணி வேண்டியிருந்திருக்கிறது.

தப்பு வால்வில் இல்லை, கழுவியதில்தான் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

“சும்மா சொல்லாத லா. அவன் உனக்கு மாமனா, மச்சானா?”

“நாளைக்கும் பழைய தூளப் போட்டுப் பாருங்க, பாஸ்.”

மறுநாளும் ரவைதான். அதை விரலில் தேய்த்துக்கொண்டே கேட்டார்: “அப்ப நீதான். வேணும்னே செஞ்சியா?”

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். செந்தூல்காரர் வால்வை விடாமல் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“இதுல ஒனக்கு என்னடா லாபம்?”

மறுநாள் காலை போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கச் சேர்ந்தேன். முந்தின வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். தொட்டியை அதிகமாகக் கழுவிவிட்டேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வெளியே போகும்போதெல்லாம் பையைத் திறந்து காட்ட வேண்டும் என்றார். சரி என்று முதல் மூட்டைக்குக் குனிந்தேன்.