வெள்ளம் கலைத்த கிளினிக் நாள்

வெள்ளம் வடியத் தொடங்கிய அன்று காலை, எங்கள் நரம்பியல் கிளினிக் வாசலில் நின்ற கூட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. களனி ஆறு கொலன்னாவைப் பகுதி வீடுகளுக்குள் புகுந்து, பாய் தலையணையோடு வலிப்புக்கு விழுங்கும் குளிசைகளையும் வாரிக்கொண்டு போயிருந்தது. குளிசை தவறினால் வலிப்பு திரும்பும். வெள்ளத்துக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களை, அன்று என் பதிவு மேசையில் இருத்தியிருக்க வேண்டும்.

இளையோருக்குச் செவ்வாய், மூத்தோருக்கு வெள்ளி என்ற ஒழுங்கை வகுத்தவன் நானே. இரண்டும் கோயில் நாட்கள் என்பதால் வீட்டில் பொய் சொல்ல வசதி என்பது பிறகுதான் விளங்கியது. செவ்வாயில் வரும் ஓர் இளம் மனைவி, "அண்ணை, பேரைச் சத்தமாக் கூப்பிடாதேங்கோ. மாமிக்குத் தெரிஞ்சால் என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிப்போடுவா" என்று கெஞ்சியிருந்தாள். வெள்ளியில் வரும் ஓர் அம்மா, "தம்பி, மருமகளுக்குத் தெரிஞ்சால் பிறகு வீட்டில என்ர சொல்லு எடுபடாது" என்றிருந்தார். போர்க்காலம், சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டியே ஆக வேண்டும். வீட்டாருக்குத் தெரியாத குளிசை, துவக்கோடு நின்ற ஆமிக்காரனுக்குத் தெரிந்திருந்தது. இருவரும் ஒரே வீடு என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

எல்லோரையும் அன்றே பார்ப்போம் என்றார் பொறுப்புத் தாதியான சிஸ்டர். நான் ஒழுங்கை நினைவூட்டினேன். "ஐயா, ஆறு உங்களிட்ட நாள் கேட்டுக்கொண்டோ வந்தது?" என்றார்.

நெரிசல் அந்த இருவரையும் ஒன்றாக என் மேசையடியில் தள்ளியது.

"உன்னை அரிசிக் கியூவிலயெல்லோ நிக்கச் சொன்னனான்?" என்றார் அம்மா.

"நீங்கள் வெள்ள முகாமில படுத்திருக்கிறன் எண்டனீங்கள், மாமி."

மருமகளின் கையில் வெறும் குளிசை அட்டை இருந்தது. மாமியார் அதை வாங்கிப் பார்த்தார். தம்முடையதையும் பார்த்தார்.

"உனக்கு எத்தினை மில்லிகிராம்?"

"இருநூறு."

"எனக்கு நானூறு" என்றார், மாமியாருக்குரிய மிடுக்குடன்.

முதலில் சிரித்தவர் சிஸ்டர். அடுத்து மருமகள், கண்ணீரோடு. பிறகு விறாந்தையில் நின்ற கூட்டமே சிரித்தது.

"தம்பி, இவளையும் வெள்ளிக்கு மாத்திவிடு. சேர்ந்து வாறம்."

விதிப்படி அதற்கு இடமில்லை. இப்போது வெள்ளவத்தையில் ஓய்வூதியத்தோடு இருக்கிறேன். சேவைக்காலத்தில் நான் மகிழ்ச்சியோடு மீறிய ஒரே விதி அதுதான். அன்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிய அம்மா, ஏதோ நினைத்தவராய்த் திரும்பி வந்தார்.

"என்ர மகனுக்கு மட்டும் சொல்லிப்போடாதே. அவன் பயந்த பெடியன்."