பேராயர் வந்த தேர்நாள்

எங்கள் சபையில் வேலை இல்லாத ஆள் கிடையாது. மொத்தம் நாற்பத்தொரு குடும்பங்கள்தான். மணி அடிக்க ஒருவர், பாய் விரிக்க இருவர், பாட்டு எண்களைப் பலகையில் மாட்ட ஒருவர், அழும் குழந்தைகளை வெளியே தூக்கிப்போக ஒரு விதவை அத்தை. அப்பா சபைச் செயலாளர். வாரம் முழுவதும் மூன்றாம் வகுப்பு வாத்தியாராகத் தொண்டை வறண்டு கிடப்பவர், ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் ஆளே மாறிவிடுவார். சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார். ஆறரைக்கே வாசலில் நின்று, "கிளம்பலையா, கிளம்பலையா" என்று கடிகாரத்தைப் போலச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒன்பது வயது வரை எனக்கு மட்டும் எந்த வேலையும் கொடுக்கப்படவில்லை. அதை ஒரு பெரிய அநியாயமாகவே நான் கருதி வந்தேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம் அந்த அநியாயம் தீர்ந்தது. திடப்படுத்தல் ஆராதனைக்காக மெட்ராஸிலிருந்து பேராயர் வருவதாகக் கடிதம் வந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்களின் தலைமேல் பேராயர் கை வைத்து ஜெபித்துத் திடப்படுத்திய பிறகுதான் அவர்கள் திருவிருந்தில் பங்குபெறலாம். பேராயர் எங்கள் பக்கம் வருவது நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை. அந்த முறை பதினான்கு பேர் காத்திருந்தார்கள். பதின்மூன்று பேர் மீசை அரும்பும் பையன்களும் தாவணிப் பெண்களும். பதினான்காவது ஆள் என் அம்மா.

அம்மா பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பாவைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்கு வந்தவள். திடப்படுத்தல்தான் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அவள் வந்த பிறகு பேராயர் முதல்முறை வந்த வாரத்தில் நான் பிறந்தேன். அடுத்தமுறை வந்த வாரத்தில் தம்பி பிறந்தான். அதனால் மாதத்தின் முதல் ஞாயிறுகளில் பெரியவர்கள் எல்லாரும் எழுந்து பலிபீடத்துக்கு முன் போய் முழங்காலில் நிற்கும்போது, பாயில் பிள்ளைகளோடு பிள்ளையாக அம்மா மட்டும் உட்கார்ந்திருப்பாள். எங்களை அதட்டி வைக்கத்தான் அவளை அங்கே போட்டிருக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் அம்மா அடுப்படிச் சுவரில் கேள்வி பதில்களை ஒட்டி வைத்துப் படித்தாள். குழம்பைக் கிளறிக்கொண்டே பத்துக் கட்டளைகளைச் சொல்லுவாள். ஏழாவதில் தடுக்கினால் நான் எடுத்துக் கொடுப்பேன். பதினான்கு பேரின் பெயர்ப் பட்டியலை நல்ல கையெழுத்தில் மூன்று பிரதி எடுக்கும் பொறுப்பும் எனக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேராயர் வரும் நாளில் நான் கேட்டில் நிற்க வேண்டும். கார் கண்ணில் பட்டதும் ஓடிப்போய் மணியடிப்பவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை.

சபைக் குழு கூடித் தேதியை முடிவு செய்தது. குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். சபை நாட்காட்டியைப் புரட்டினார்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் ஒரு ஞாயிறு, பேராயருக்கும் தோதாக இருந்தது. அப்பா மையால் வட்டம் போட்டார். எங்கள் வீடுகளில் பஞ்சாங்கம் மாட்டுவதில்லை என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையின் விலை பேராயர் வரும் நாள் காலை எட்டு மணிக்குத் தெரிந்தது. அது ஏகாம்பரநாதர் கோயில் தேர்நாள்.

கேட்டில் நின்றபடியே நான் மேளச் சத்தத்தைக் கேட்டேன். தெருவில் சாரி சாரியாகப் போன கூட்டம் எல்லாம் ராஜ வீதிப் பக்கமே போனது. எட்டரைக்கு வரவேண்டிய கார் வரவில்லை. எட்டு நாற்பதுக்குச் சபையைச் சேர்ந்த ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு, சட்டை கிழிந்து வந்து சேர்ந்தார்.

"வாத்தியாரே, பிஷப் ஐயா கார் கூட்டத்துல மாட்டிக்கினு இருக்குது. முன்னாலயும் போவல, பின்னாலயும் போவல. ஐயாவுக்குப் பதினோரு மணிக்கு வாலாஜாபாத் பக்கம் வேற ஆராதனை இருக்குதாம். வழி கெடச்சா அப்படியே திரும்பிடலாம்னு டிரைவர் சொல்லிக்கினு இருக்காரு."

அப்பாவின் முகத்தில் இஸ்திரி மொத்தமும் கலைந்தது. "இன்னிக்கு தேர்னு ஒருத்தருக்குமா தெரியல?" என்றார். குழுவின் மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். போதகர், "ஜெபிப்போம்" என்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

நான் மூடவில்லை, கேட்டைப் பார்ப்பது என் வேலை. அப்போது பதினான்கு பேரும் காத்திருந்த பக்கத்து அறை ஜன்னலிலிருந்து அம்மாவின் கை என்னைக் கூப்பிட்டது. வெள்ளைப் புடவை கட்டி, முக்காடு போட்டிருந்தாள். ஜன்னல் கம்பி வழியாக என் தோளைப் பிடித்தாள்.

"இப்போ தேரு ராஜ வீதி முனையில திரும்பிக்கினு இருக்கும். திருப்பறதுக்கே ஒரு மணி நேரம் ஆவும். பெரிய மாமா இடது பக்கத்து முன்சக்கரத்துல கட்டை போட்டுக்கினு இருப்பாரு. அவர்கிட்ட போ. பிஷப் ஐயாவ கூட்டியாரச் சொல்லி நான் கேட்டேன்னு சொல்லு."

"மாமா நம்மகூடப் பேசமாட்டாரேமா?"

"நீ போய்ச் சொல்லு. அப்பாகிட்ட இப்போ ஒண்ணும் சொல்லாத. ஓடு!"

ஓடினேன். அம்மாவின் அண்ணன் எங்கள் வீட்டு வாசலை மிதித்ததே இல்லை. தெருவில் என்னைக் கண்டால் மட்டும் சைக்கிளை நிறுத்தி, "எத்தினியாவது படிக்கிற?" என்று கேட்பார், பதிலை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இதற்கு மேல் எங்களுக்குள் உறவு கிடையாது. ஆனால் அன்று எனக்குப் பயமே இல்லை. சபையின் காரியமாக ஓடுகிற ஒருத்தியை யார் என்ன செய்துவிட முடியும்? மோர்ப் பந்தல், பலூன்காரன், வேட்டிகளின் காடு, எல்லாவற்றுக்கும் இடையில் தலையைக் குனிந்து நுழைந்தேன். நிமிர்ந்தபோது தேர் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அதுவரை நான் தேரைப் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்று ஞாயிறு வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அம்மா அனுப்பித்தானே வந்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, உச்சிக் குடை வரைக்கும் இரண்டு முறை பார்த்தேன்.

அம்மா சொன்ன முனை. அம்மா சொன்ன சக்கரம். மாமா குத்துக்காலிட்டு, என் உயரம் இருந்த ஒரு மரக்கட்டையைச் சக்கரத்துக்குக் கீழே சாய்த்துப் பிடித்திருந்தார். மேலெல்லாம் விபூதியும் வேர்வையும்.

"மாமா!"

"ஏய்! நீ இங்க இன்னா பண்ற? மிதிச்சுடப் போறாங்க!"

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். மாமா கட்டையை விடாமல் என்னையே பார்த்தார்.

"யாரு சொல்லச் சொன்னா?"

"அம்மா."

"என்கிட்டயா?"

"ஆமா மாமா. இடது பக்கத்து முன்சக்கரத்துல இருப்பீங்கன்னு சொன்னாங்க."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வை அவ்வளவு இருந்ததால் நெடுநேரம் துடைத்தார். பிறகு பக்கத்து ஆளிடம், "டேய், இதப் புடி. என் தங்கச்சி ஊட்டு விசேஷம், போய்ட்டு வந்துடறேன்" என்றார்.

"பத்து வருசமா இல்லாத தங்கச்சி எங்கேர்ந்துபா வந்துச்சு?"

"நீ கட்டையப் போடு. வாயப் போடாத."

மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவர் போட்ட சத்தத்துக்குக் கூட்டம் பிளந்தது. காருக்குள் பேராயர் வெள்ளை அங்கியில் வெந்து கொண்டிருந்தார். மாமா ஜன்னலில் குனிந்து, "சாமி, கார் வராது. நடந்துடலாமா? கூப்பிடு தூரந்தான்" என்றார். பேராயர் மாமாவின் நெற்றியைப் பார்த்தார். தோளில் இருந்த என்னைப் பார்த்தார். "நட தம்பி" என்று இறங்கிவிட்டார்.

ஆராதனையில் அவர் ஏந்தும் கோல் இரண்டு துண்டாக ஒரு நீளப் பெட்டியில் இருந்தது. மாமா அதைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னே போக, நான் நடுவில், பேராயர் பின்னால். தெருவழி இல்லாததால் வீடுகளுக்குள் புகுந்து போனோம். ஒரு வீட்டின் முன்வாசலில் நுழைந்து கொல்லையில் வெளிவந்து, அடுத்த வீட்டின் கொல்லையில் நுழைந்து முன்வாசலில். தேர்நாள் என்பதால் தறிகள் எல்லாம் சும்மா கிடந்தன.

"சாமி, குழி! காலு பாத்து!" என்று மாமா ஒவ்வொரு தறிக்குழியிடமும் கத்தினார். ஒவ்வொரு முறையும் பேராயர் அங்கியை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டார். ஒரு வீட்டில் வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மாள் எங்களைப் பார்த்துக் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "யாருபா இவரு?"

"எங்க ஊட்டு விருந்தாளி" என்றார் மாமா, நிற்காமல். அந்த அம்மாள் ஓடிவந்து பேராயர் கையில் ஒரு வடையைத் திணித்தாள். அவரும் தின்றுகொண்டே நடந்தார்.

ஒன்பது இருபத்தைந்துக்குச் சபை கேட் தெரிந்தது. கார் வந்தால்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நடந்து வந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. ஒரு கணம் தயங்கி, பின் உயிர்போகிற மாதிரி கத்தினேன்: "வந்துட்டாரு! அடிங்க மணியை!"

மணி அடித்தது. ஆனால் அப்பா முதலில் பார்த்தது பேராயரை அல்ல, பெட்டி சுமந்து நின்ற மாமாவை. அப்பா கைகூப்பினார். "உள்ள வாங்க" என்றார்.

"இருக்கட்டும். மேலெல்லாம் வேர்வ. வாசல்லயே நிக்கறேன்" என்றார் மாமா.

உள்ளே பாட்டு எழுந்தது. கேட்டுக்குப் பொறுப்பானவள் என்பதால் நானும் வாசலிலேயே மாமாவோடு நின்றேன். அப்பா பட்டியலை வாசிக்க வாசிக்க, ஒவ்வொருவராகப் போய் மண்டியிட்டார்கள். பெண்கள் எல்லாருக்கும் ஒரேமாதிரி வெள்ளைப் புடவை, ஒரேமாதிரி முக்காடு. எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது. நான்காவது பெயராக "எஸ்தர்" என்று அப்பா வாசித்தார். அப்பா அம்மாவைப் பெயர் சொல்லி நான் கேட்டதே அன்றுதான். வீட்டில், "இந்தாம்மா" என்பதோடு சரி. பேராயர் இரண்டு கைகளையும் அம்மாவின் தலைமேல் வைத்தார். நான் நுனிக்காலில் எம்பி எம்பிப் பார்த்தேன்.

மாமாவும் எம்பித்தான் நின்றார். ஒவ்வொரு பெயருக்கும் காதைத் திருப்பினார். பத்து முடிந்தது, பன்னிரண்டு முடிந்தது. தூரத்தில் தேர் மேளம் மறுபடி வேகம் பிடித்தது. மாமா அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"சிவகாமிய எப்ப கூப்பிடுவாங்க?"

பட்டியலை மூன்று முறை எழுதியவள் நான். "அந்தப் பேர்ல யாருமே இல்ல மாமா. பதினாலு பேரும் எனக்கு மனப்பாடம்" என்றேன்.

"இல்லியா?"

"இல்ல மாமா. நல்லாத் தெரியும்."

மாமா இன்னும் கொஞ்சநேரம் அந்த வெள்ளை முதுகுகளைப் பார்த்தபடி நின்றார். பிறகு என் தலைமேல் கையை வைத்து எடுத்துவிட்டு, துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் எங்கள் வீடு கல்யாண வீடாக இருந்தது. அம்மா திருவிருந்தில் பங்குபெற்றுவிட்டாள். அப்பா அவளுக்குப் பரிமாறினார். நான் நடந்ததை எல்லாம் நேரத்தோடு, வரிசை மாறாமல் சொன்னேன். "சாமி, குழி!" என்ற இடம் வந்ததும் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். பிறகுதான் கேட்டாள்:

"மாமா கடைசி வரைக்கும் நின்னாரா?"

"பன்னெண்டு பேர் வரைக்கும் நின்னாரு. யாரோ சிவகாமியாம், அவங்களை எப்பக் கூப்பிடுவாங்கன்னு கேட்டாரு. அந்தப் பேர்ல யாரும் இல்லன்னு நான் சொல்லிட்டேன்."

அப்பா கரண்டியோடு நின்றுவிட்டார். அம்மா இலையில் இருந்த சோற்றைக் கொஞ்சநேரம் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"சரியாத்தான் சொன்ன" என்றாள்.

சபையில் எனக்குக் கொடுத்த முதல் வேலை. அதில் ஒரு பிழையும் இல்லை என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் வரை என் கால் தரையில் நிற்கவில்லை.